நாளைக்கும் நாலு டிகிரி

"நாளைக்குக் காலையில ஃப்ரிட்ஜ் நாலு டிகிரின்னு இன்னிக்கே எழுதி வச்சிருக்கீங்களேம்மா! இது கிளினிக்கா, ஜோசியக் கடையா?" ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மாவின் குரல் எதிர்ச்சாரி மருந்துக்கடை வரை கேட்டது.

"கத்தாதீங்க மேடம், பேஷண்ட்ஸ் உக்காந்திருக்காங்க!" என்று டாக்டர் அதைவிட உரக்கக் கத்தினார்.

தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜின் குளிரைத் தினமும் காலையில் பார்த்து நர்ஸ் எழுத வேண்டிய நோட்டு அது. "நாளைக்குள்ளதையும் இப்பவே எழுதிடு, காலையில நிம்மதியா டீ குடிக்கலாம்" என்று சொல்லிக் கொடுத்தவரே டாக்டர்தான். பின்னறையில் இருவரும் குடிக்கும் அந்த டீ தெருவுக்கே தெரியும். கல்யாணத் தேதிதான் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் சேர்த்து.

"யாரு எழுதச் சொன்னது?" என்றார் அதிகாரி.

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். அவர் நோட்டைப் பார்த்தார்.

"எனக்கென்ன மேடம் தெரியும்? எல்லாம் சிஸ்டர் பாத்துக்கறது."

ஊரே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஏழு வருஷமாக அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் அவர். ஊசி போடும்போது குழந்தைகளிடம் வலிக்காது என்று சொல்லிப் பழகிய முகத்தை அவள் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"ஆமா மேடம். நானாத்தான் எழுதினேன்."

அவள் வேலை போயிற்று. கிளினிக் எச்சரிக்கையோடு தப்பியது. நாலாம் மாதம் டாக்டர் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டார். நர்ஸ் வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விட்டாள்.