ஈரத்தோல் சுற்றிய சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பிய தேவசகாயம், கொல்லையில் படகை ஏற்றிவைத்திருந்த வண்டியின் இரண்டு சக்கரங்களிலும் யாரோ பதனிடாத பச்சைத்தோலைச் சுற்றித் தைத்திருப்பதைப் பார்த்தார். தோல் இன்னும் ஈரமாயிருந்தது. கொல்லைப் படல் கதவைக் கட்டிவிட்டுத்தான் போயிருந்தார்.

படகு அவரே செய்தது. தோட்ட வேலைக்காரர், தச்சு தெரியாது. போன ஐப்பசியில் பாலாறு பெருகியபோது அக்கரையில் மகள் அன்னம்மாளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வஜீதாம்மா இக்கரையிலேயே நின்றுவிட்டாள். குழந்தை தங்கவில்லை. இந்த ஐப்பசியிலும் அன்னம்மாளுக்கு மாதம் நிறைந்திருந்தது. மனைவி சவுரியம்மாள் அங்கே போயிருந்தாள். வலி கண்டதும் அக்கரைப் பனையில் வெள்ளைத் துணி கட்டுவதாகச் சொல்லியிருந்தாள்.

ஆறு அரை மைல் தூரம். படகைக் கரையில் விட்டுவைத்தால் விறகுக்கு உடைத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் கொல்லையிலேயே வைத்துக்கொண்டு, உருட்டிப் போகத் தாழ்வாக ஒரு வண்டி செய்தார். வேப்ப மரத்தை வட்டமாக அறுத்ததுதான் சக்கரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் அப்துல் சமத்தின் வீடு. அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் ஊறவைக்கிற வேலை. ஆடி மாதம் வேலியில் தோல் காயப்போட்டதற்கு தேவசகாயம் ஷாப் மேஸ்திரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அதிலிருந்து பேச்சு இல்லை. ஆனால் போன வாரம் சமத் வேலியோரம் வந்து நின்றார்.

“சக்கரம் இன்னா மரம்?”

“வேம்பு.”

“எப்ப உருட்டுவே?”

“உனக்கு இன்னாத்துக்கு பாய்?”

சமத் சக்கரத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். இப்போது தோல். நாற்றத்துக்கு நாய்கள் வரும், சக்கரத்தைக் கடித்துக் குதறும். ஷாப்பில் திருடிய தோலாயிருந்தால் மேஸ்திரியும் வருவார். தேவசகாயம் கத்தியை எடுத்து ஒரு சக்கரத்தின் தையலை அறுத்தார். உரித்த தோலை எறிந்ததும் தெருநாய் ஒன்று கவ்விக்கொண்டு ஓடியது. அவர் சந்தேகம் உறுதிப்பட்டது. இரண்டாவது சக்கரத்தில் கத்தியின் பிடி கழன்றுவிட்டது; அந்தத் தோல் அப்படியே நின்றது.

அந்நேரம் வஜீதாம்மா வந்தாள். “இன்னா தேவசகாயம், சக்கரத்துக்குச் செருப்பு தெச்சிருக்கே?”

“சமத் பாய் வேலைம்மா. நாய கூப்புட ஏற்பாடு.”

“நாய கூப்புட விசில் அடிச்சா போதாதா? அதுக்கு ஒக்காந்து தெப்பானா?”

வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி அவள் உரக்கச் சிரித்தாள். தேவசகாயம் சிரிக்கவில்லை. மூன்று நாள் வேலைக்குப் போகாமல் தடியோடு வண்டியைக் காத்தார். சமத் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை.

புதன்கிழமை ஆலங்காயத்துப் பக்கம் மலையில் நல்ல மழை. வியாழன் மத்தியானம் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. பனையில் வெள்ளைத் துணி ஏறியது.

தேவசகாயம் இழுக்க, வஜீதாம்மா தள்ள, படகு தெருவில் உருண்டது. பாதி வழியில் தோல் உரித்த சக்கரம் இரண்டாகப் பிளந்தது. படகு ஒரு பக்கம் சரிந்தது. மற்றச் சக்கரத்தில் தோல் காய்ந்து, கொம்புபோல இறுகி மரத்தைப் பிடித்திருந்தது.

சத்தம் கேட்டு ஷாப்பிலிருந்து சமத் ஓடி வந்தார். “இதுல தெச்ச தோல் எங்கே?”

“அறுத்துட்டேன் பாய்.”

சமத் பிளந்த மரத்தைத் தடவிப் பார்த்தார். “அன்னிக்கே விரிசல் இருந்துச்சு. பச்சைத்தோல் காஞ்சா இரும்புப் பட்டை மாதிரி புடிச்சுக்கும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா வாணாம்னு இருப்பே.”

துண்டை மடித்துத் தோளில் போட்டு, அச்சின் முனைக்குக் கீழே குனிந்தார். ஒரு பக்கம் சக்கரமும் மறுபக்கம் அவர் தோளுமாகப் படகு ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளம் தேவசகாயத்தையும் வஜீதாம்மாவையும் வெகுதூரம் கீழே இழுத்துக்கொண்டுபோய்த்தான் அக்கரை சேர்த்தது. பொழுது சாயும் நேரத்தில் குழந்தை அழுதது. சவுரியம்மாள் பனையிலிருந்து துணியை அவிழ்த்தாள். அப்போதுதான் தேவசகாயம் எதிர்க்கரையைப் பார்த்தார். சரிந்த வண்டியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, கைலியைத் தட்டிவிட்டு, வீட்டுப் பக்கம் நடந்தார். கர்த்தர் அனுப்பிய உதவியைக் கத்தியால் அறுத்தோமே என்று தேவசகாயத்தின் கண் கலங்கியது.

நீர் வடிந்து இக்கரைக்கு வந்ததும் அவர் நேரே வேலியோரம் போனார்.

“பாய், புதுசா ஒரு சக்கரம் அறுக்கறேன். தோல் நீயே தெச்சுக் குடு.”

“நாய் வந்தா?” என்றார் சமத்.

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார். “வரட்டும் பாய்.”