நாற்பத்தொன்றாம் கல்

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. ஆனாலும் ஒரு டப்பா சிவப்பு பெயிண்டை வைத்துக்கொண்டு, நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்பிள்ளையின் ஒரு வருஷத்து மஞ்சள் வெள்ளாமையைக் கெடுத்துவிட்டேன். மென்று முழுங்கி என்ன ஆகப்போகிறது? கெடுத்தேன். அதுவும் எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

என் பெயர் நசுருல்லா. ரயில்வேயில் முப்பத்துமூன்று வருஷம் கூட்ஸ் கார்டு. வீடு சூரமங்கலத்தில். ரிடையர் ஆனதும் மகன் இம்தியாஸ் என்னையும் என் மனைவி மஸ்தான் பீவியையும் இங்கிலாந்துக்குக் கூப்பிட்டுக்கொண்டான். மூன்று மாதம் இருந்தோம். அவன் ஊரில் கடலை ஒட்டி ஒரு நடைவழி போகிறது. ஒரு பக்கம் பாறையும் அலையும், மறுபக்கம் ஆடு மேய்கிற பச்சை நிலம். வழிநெடுக மரக்கட்டைகளில் சின்னச் சின்ன அம்புக்குறி. சில இடத்தில் அடுத்தவர் நிலத்துக்குள்ளேயே வழி போகும். படலைத் திறந்து, மறுபடி சாத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். யாரடா நீ என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தினம் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்தேன். சர்க்கரை இறங்கியது, மனசும் லேசாகிவிட்டது.

ஊர் திரும்பியும் அந்த ஆசை விடவில்லை. சேலத்துக்காரன் கடலுக்கு எங்கே போவான்? ஏரி இருக்கிறதே என்று நினைத்தேன். நாமகிரிப்பேட்டையைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ஏரி. அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு வண்டித்தடமும் வரப்புமாக நாலு கிலோமீட்டர் போனால் ஒரு கரடு வரும், மொட்டைப் பாறை. அதன் உச்சியில் உட்கார்ந்தால் தண்ணீர் முழுக்கக் கண்ணில் படும். இங்கே ஒரு நடைவழி போடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். முப்பது வருஷமாக ரயிலுக்குப் பின்னாடி உட்கார்ந்தே போன மனுஷனுக்கு இப்போதுதான் கால் இருக்கிற ஞாபகம் வந்திருக்கிறது என்றாள் மஸ்தான் பீவி. அவள் வாய் அப்படி.

போன சித்திரையில் நானும் குருமூர்த்தியும் போனோம். குருமூர்த்தி ரிடையர்டு டிக்கெட் பரிசோதகர், எனக்குப் பக்கத்து வீடு. வழியில் கிடந்த கற்களில் சிவப்பு அம்பு போட்டோம். அதோடு விட்டிருக்கலாம். கார்டு புத்தி சும்மா இருக்குமா? தண்டவாளத்து ஓரத்துக் கிலோமீட்டர் கல் மாதிரி ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதினேன். ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை. ஏழு ஒரு கிணற்று மேட்டில் விழுந்தது. எட்டும் ஒன்பதும் உழுது போட்டிருந்த ஒரு காட்டின் வரப்பில். பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. நாங்களும் யாரையும் தேடிப் போய்க் கேட்கவில்லை. நடக்கிற வழிக்கு யாரைக் கேட்பது என்று எனக்கு ஒரு திமிர்.

அப்புறம் வெயில் கொளுத்தியது. குருமூர்த்திக்குக் கண் ஆபரேஷன். தள்ளித் தள்ளி ஐப்பசி ஆகிவிட்டது. நடக்க வருகிறோம் என்று பன்னிரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றது குருமூர்த்தி மட்டும். எனக்கு வந்த கோபத்தை அவர் மேல்தான் காட்டினேன், பாவம்.

மழை பெய்து ஏரி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. கரையில் இறங்கியதும் இரண்டு பக்கமும் மஞ்சள் காடு, இடுப்புயரத்துக்கு. அந்த வாசனைக்கே கோபம் போய்விட்டது. எட்டாம் கல் கிட்டே வந்தால் அந்த ஒரு காடு மட்டும் வெறுமனே கிடந்தது. முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியக் களை. எவனோ சோம்பேறி, இப்படியாப்பட்ட மண்ணைப் பாழாகப் போட்டிருக்கிறானே என்று சத்தமாகவே சொன்னேன்.

"அந்தச் சோம்பேறி நாந்தானுங்க" என்று கிணற்று மேட்டிலிருந்து குரல் வந்தது.

ஐம்பது வயசிருக்கும். கையில் ஆட்டுக் கயிறு. பெயர் சாலம்மாள் என்று பிறகு சொன்னாள். எங்கள் தொப்பியையும் என் கையிலிருந்த நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அளக்க வந்தீர்களா என்று கேட்டாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரோட்டுக்காக அவள் நிலத்தில் பாதி போனது, பழைய கிணறும் அதோடு போனது. அப்போதும் முதலில் வந்தது கல்லும் சிவப்பு நம்பரும்தான். முட்டுக்கல் என்று அதற்கு ஊரில் பெயர். மஞ்சள் பத்து மாசப் பயிர். ஆறாவது மாசத்தில் மண் அள்ளுகிற வண்டி வந்து பயிரோடு வழித்துப் போட்டது. இந்தச் சித்திரையில் கிணற்று மேட்டில் ஏழு என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் மிச்ச நிலமும் போகப்போகிறது என்று முடிவுகட்டினாள். நிழலில் குவித்து வைத்திருந்த விதை மஞ்சளைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு கிழங்குகூட ஊன்றவில்லை.

அம்மா, அதை எழுதினவன் நான்தான், சும்மா நடக்கிறதுக்கு எழுதினேன் என்று எப்படியோ சொன்னேன். அவள் நம்பவில்லை. போன தடவை வந்தவர்களும் சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்றார்களாம். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து குருமூர்த்தி தன் ரயில்வே அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதில் சிங்க முத்திரை. அவள் முகம் செத்துப்போனது.

"அப்ப ரயில் ரோடுங்களா?" என்றாள்.

குருமூர்த்தியை அங்கேயே ஏரியில் தள்ளியிருப்பேன். கைக்குட்டையை நனைத்து எட்டாம் கல்லைத் தேய்த்தேன். கல்லில் அழித்தால் காகிதத்தில் அழிந்துவிடுமா என்று கேட்டாள். ஐப்பசி முடியப் பத்து நாள் இருந்தது. மஞ்சள் போனது போனதுதான், சின்ன வெங்காயமாவது ஊன்ற நேரம் இருந்தது. சுற்றிலும் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அவள் நம்ப வேண்டும், அவ்வளவுதான். நம்பாவிட்டால் தை வந்தாலும் அந்தக் காட்டில் பார்த்தீனியம்தான் நிற்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

அவள் கையை நீட்டிக் கரட்டைக் காட்டினாள்.

"நாப்பத்தொண்ணு கல்லுங்க. ஒண்ணு உடாம நடந்து பாத்துட்டனுங்க, அஞ்சு தடவ. ரோடு எங்க போவுதுன்னு தெரியோணுமில்லீங்க. கடேசிக் கல்லு கரட்டு உச்சில நிக்குது. அதுக்கு மேல பாறதான். அங்க எதுக்குங்க அம்பு?"

"அங்க உக்காந்தா ஏரி முழுசாத் தெரியும்மா. காத்து வரும். அதுக்குத்தான் போட்டேன்."

"அதுக்கு மட்டுந்தானுங்களா?"

"அதுக்கு மட்டும்தான்."

ரோடு போடுகிறவன் எவனும் இப்படி ஒரு காரணம் சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையிலிருந்த கயிற்றைக் கிணற்று மேட்டில் போட்டாள்.

"காத்து வந்துச்சுங்க" என்றாள். "நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். ஏரியப் பாக்கலீங்க. எங்காட்டுல எவ்வளவு போவும்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

பன்னிரண்டு பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டேன், ஒருத்தர் வந்தார். நான் போட்ட வழியை முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரைக்கும் நடந்தவள் இவள் ஒருத்திதான், அதுவும் பயந்து பயந்து.

வாங்க, அந்த இடத்தைக் காட்டுங்க என்று சொல்லிவிட்டு அவளே முன்னால் நடந்தாள். ஒரு அம்பைக்கூட அவள் பார்க்கவில்லை. வழி அவ்வளவு மனப்பாடம். ஒரு மணி நேரத்தில் கரடு ஏறிவிட்டாள், நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனோம். நாற்பத்தொன்றாம் கல் பக்கத்தில் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே ஏரி. அக்கரையில் அவள் காடு, பச்சைக்கு நடுவில் அது மட்டும் சாம்பலாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்கச் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாரைகள் இறங்கியிருந்தன.

பிறகு எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டாள். விதை வெங்காயம் பக்கத்துக் காட்டுக்காரரிடம் இருக்கிறது, நாளைக்கே ஏர் ஓட்டச் சொல்ல வேண்டும் என்றாள். எனக்கு உத்தரவும் போட்டாள்: விடிந்ததும் வந்து முதலில் ஏழு, எட்டு, ஒன்பதை அழிக்க வேண்டும், பிறகு மற்றதெல்லாம். சரிம்மா, நாற்பத்தொன்றையும் ஒன்று விடாமல் அழித்துவிடுகிறேன் என்றேன்.

இரண்டு எட்டு இறங்கினவள் நின்று, திரும்பி அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"நாப்பது போதுமுங்க" என்றாள். "இது இருக்கட்டும்."