அசையாத எலியின் ஓட்டம்

கீ... கீ... கீ... என்று அலறியது சுவரில் இருந்த புது வாயு மீட்டர்.

ஆய்வகத்தின் பதிவறையில் தனியாக இருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். செப்புக் கம்பிவலைக் கூண்டுக்குள் எலி அப்படியேதான் கிடந்தது. முன்பற்களை இரும்புச் சட்டம் கவ்வியிருந்தது. தலைமயிரைவிட மெல்லிய கம்பி ஒன்று மண்டையோட்டுத் துளை வழியே மூளைக்குள் இறங்கியிருந்தது. ஸ்பீக்கரில் தாளமும் பிசகவில்லை. யாரோ தையல் மெஷினை விடாமல் மிதிப்பதைப்போல் படபட, படபட என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தத் தாளம்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

எலி ஓடும்போது, இடங்களை நினைவில் வைக்கும் மூளைப் பகுதியில் நரம்பணுக்கள் சேர்ந்து துடிக்கும்; கம்பி வழியே அது ஸ்பீக்கரில் தாளமாகக் கேட்கும். வலித்தாலும் பயந்தாலும்கூட அதே துடிப்புதான். மயக்கம் ஆழமாக ஆக, தாளம் கலைந்து தகரக் கூரையில் விழும் தூறல்போல ஆகிவிடும். எல்லாரும் படித்தது இது. அவளுடைய எலிகளில் மட்டும் தாளம் கலையவில்லை. 'ஆழ்ந்த மயக்கத்திலும் எலியின் மூளை ஓடுகிறது' என்ற ஒற்றை வரிக்காகத்தான் ஆய்வகத் தலைவர் அவளை வேலையில் வைத்திருந்தார். எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். இன்று வெளியூர் விருந்தாளிகளோடு வந்து அந்த ஓட்டத்தைக் காதாரக் கேட்கப் போகிறார். கேட்டு மகிழ்ந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு, அந்த மீட்டரை மாட்டிய ஸ்டோர்காரர் வந்தார். "என்ன தங்கச்சி, என் புள்ள இந்த அழுகை அழுவுது?"

"முதல்ல உங்க புள்ளையோட வாயை மூடுங்கண்ணே. பெரியவர் வர்ற நேரம்."

அவர் பொத்தானை அமுக்கி அலறலை நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மீட்டரை உற்றுப் பார்த்தார். "சும்மா அழலை. மயக்க வாயு பாதிக்கும் கீழதான் போவுதாம்."

"மீட்டர் கோளாறா இருக்கும்."

"நேத்து சாயங்காலம் மாட்டினது, அதுக்குள்ள கோளாறா? பக்கத்து ரூம்ல இதே மீட்டர் ஒழுங்காத்தான் காட்டுது. எங்க உங்க வீட்டுக்காரர்? வாயுக் குமிழைத் திருகுறது அவர் வேலையாச்சே?"

"விருந்தாளிங்களை அழைச்சிட்டு வர வாசலுக்குப் போயிருக்கார்."

"அப்ப நீங்களே ஏத்துங்க. இல்லைன்னா எலி எழுந்து உக்காந்து பெரியவருக்கு வணக்கம் சொல்லிடும்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி அவர் போய்விட்டார்.

எலி எழுந்து உட்காராது என்பது அவளுக்குத் தெரியும். மயக்கம் கொடுப்பது அவள் கணவனின் பொறுப்பு. கால்நடை மருத்துவம் படித்தவன் என்பதால் ஆய்வகத்தில் அவனுக்கு 'மாட்டு டாக்டர்' என்று பெயர். எலி மயங்கியதும் அதன் பின்னங்காலைக் கிள்ளி, "பார்த்தியா, சரியான கும்பகர்ணன்!" என்று அவளிடம் காட்டுவான். பிறகு அவள் ஓர் ஊசி போடுவாள். தசைகள் முழுக்கத் தளர்ந்து, மீசைகூட அசையாது. அதற்குப்பின் எலிக்காக மூச்சு மெஷின்தான் மூச்சு விடும். எலி தானாக மூச்சு விட்டால் மூளை அசைந்து கம்பி ஆடுகிறது என்று அந்த ஊசியை யோசித்துச் சொன்னவனும் அவனே. ஊசி போட்ட கையோடு அவள் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். குமிழ் இருப்பது கூண்டின் அந்தப் பக்கம். அங்கே அவள் எட்டிப் பார்த்ததே இல்லை.

இப்போது போய்ப் பார்த்தாள். முள் இருக்க வேண்டிய கோட்டுக்கு வெகு கீழே இருந்தது.

கோட்டுக்குச் சரியாகத் திருகி வைத்துவிட்டு நின்றாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தையல் மெஷின் தடுமாறியது. ஒரு படபட, நீண்ட இடைவெளி, இன்னொன்று. அப்புறம் தாளமே இல்லை. வெறும் தூறல். திரையின் மூலையில் இதயத் துடிப்பைக் காட்டும் எண் மளமளவென்று இறங்கியது. அந்த எண் ஏன் இவ்வளவு அதிகமாக இருக்கிறது என்று அவள் ஒருமுறை கேட்டபோது, "எலிக்கு அடியில இருக்கிற சூட்டுப் பாய்தான் காரணம்" என்றிருந்தான் அவன்.

தற்செயலாக இருக்கலாம். இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கை குமிழ்வரை போய்விட்டது. தாளம் திரும்புகிறதா என்று சோதிக்க அந்த எலியை எழுப்ப வேண்டும். அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"படியேறிட்டாங்க! பெரியவர் செம மூட்ல இருக்கார்," என்றபடி மூச்சிரைக்க உள்ளே வந்தான் கணவன். ஸ்பீக்கரைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. "தாளம் எங்க போச்சு?"

கம்பி நழுவிவிட்டதா என்று அவன் பார்க்கவில்லை. ஒயர் கழன்றதா என்று கேட்கவில்லை. நேராகக் கூண்டைச் சுற்றிப் போய்க் குமிழில் கை வைத்தான்.

அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு. விளையாட இதுவா நேரம்?"

"எத்தனை நாளா இப்படி?"

அவன் சுவர் மீட்டரை அப்போதுதான் கவனித்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "முழு மயக்கத்துல உன் தாளம் வரலைம்மா. ஒரு தடவைகூட வரலை. குழாயைத் திறந்துவிட்டுட்டு பாத்ரூம்ல நீ அழுதது எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா?"

"அதுக்காக? அது முழிச்சிட்டு இருந்திருக்குங்க!"

"எலிதானே!"

"பல்லைப் பூட்டி, மண்டையில ஓட்டை போட்டு..." அவளால் முடிக்க முடியவில்லை. அவன் கையைக் குமிழிலிருந்து விலக்கிவிட்டு, தான் அதன் முன்னால் நின்றுகொண்டாள். "பெரியவர் வரட்டும். இந்தத் தூறலையே கேக்கட்டும். நானே சொல்லிடுறேன்."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? ரெண்டு பேரும் நடுத்தெருவுல நிக்கணும்."

"நிப்போம்."

நடைவழியில் செருப்புச் சத்தம் நெருங்கியது. பெரியவர் ஏதோ சொல்ல, விருந்தாளிகள் சிரித்தார்கள். அவள் குமிழை விட்டு நகரவில்லை. இதே சட்டத்தில் இதுவரை கிடந்த எலிகளெல்லாம் கண்ணுக்குள் வரிசையாக வந்தன. பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று தவித்தது மனசு.

"எல்லாமே முழிச்சிருக்காதுங்க," என்றாள் கெஞ்சலாக. "அவ்வளவு வலிச்சிருந்தா, ஒண்ணாவது கத்தியிருக்கும்ல?"

அவன் அவளைப் பார்க்காமல் கதவையே பார்த்தான்.

"நீ ரூம்ல இல்லாதப்ப முதல் எலி கத்துச்சும்மா. அன்னிக்குத்தான் உன்னை ஊசி போடச் சொன்னேன்."