முன்னங்கால் எலும்பு

நூரிலாவின் தட்டில் ஆட்டின் இடுப்பெலும்பு வந்து உட்கார்ந்ததும் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அவள் மட்டும் அதைத் தொடவில்லை.

கிர்கிஸ்தானின் நரீன் நகரத்தில் தட்டைப் பார்த்தாலே போதும், அந்த வீட்டில் நமக்கு என்ன இடம் என்று தெரிந்துவிடும். வெந்த ஆட்டை எலும்பு எலும்பாகப் பிரித்து வயதுக்கும் மதிப்புக்கும் தக்கபடி பரிமாறுவார்கள். இடுப்பெலும்பு பெரியவர்களுக்கும் தூரத்து விருந்தாளிகளுக்கும். முன்னங்கால் எலும்பு இருப்பதிலேயே சின்னவருக்கு. கை தவறி இதை மாற்றி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் போன சம்பந்திகள் இந்த ஊரில் உண்டு.

இவர்கள் பன்னிரண்டு பேர். இன்ஸ்டிட்யூட்டில் ஒன்றாகக் கணிதம் படித்தவர்கள். பட்டம் வாங்கிய வருஷத்திலிருந்து மாதம் ஒருவர் வீட்டில் முறை வைத்துக் கூடிச் சாப்பிடுகிறார்கள். அதற்கு ஷெரினே என்று பெயர். ஒரே வகுப்பு, ஒரே வயது என்பதற்காக எலும்பை இஷ்டத்துக்கு வைத்துவிட முடியுமா? பிறந்த மாதத்தைப் பார்த்து வரிசை போட்டுக்கொண்டார்கள். வகுப்புத் தலைவனாக இருந்த தாலாந்த் மூத்தவன். டிசம்பர் கடைசியில் பிறந்த நூரிலா கடைக்குட்டி. முன்னங்கால் எலும்பு அவளுடையது. எல்லோருக்கும் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவதும், தேநீர் ஊற்றுவதும், 'ஏய், ஆறிப்போச்சு' என்று திட்டு வாங்குவதும் அவள் வேலை.

பிறகு புருஷன் விட்டுப் போனான், மகளைப் படிக்கவைக்க வேண்டியிருந்தது, அவள் மாஸ்கோவுக்குப் போனாள். கணிதம் படித்தவள் ஒன்பது வருஷம் அங்கே ஓட்டல் அறைகளைத் துடைத்தாள். ஆனால் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு நாள் தவறியதில்லை. பிறந்தநாளா, பேரன் பிறந்தானா, எல்லாவற்றுக்கும் முதல் பூங்கொத்து அவளுடையதுதான். அவளுடைய அப்பா இறந்தபோது விமானம் கிடைக்காமல் அவள் விமான நிலையத்திலேயே கிடந்தாள். இங்கே வாசலில் கூடாரம் அடித்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டது இந்தப் பதினொரு பேர்தான். மகளாக அவள் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டிய இடத்தில், அவர்களில் ஒருத்தியான ஜீபெக் உட்கார்ந்து தொண்டை கிழிய ஒப்பாரி வைத்தாள். அதை நூரிலா மறக்கவில்லை. மறக்கவும் மாட்டாள்.

ஆகஸ்டில் ஊர் திரும்பினாள். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். ஷெரினேவுக்கு வந்தால், வாசலுக்கு எதிர்ச் சுவரோரம், மரியாதைக்குரியவர்களுக்கான தலைமாட்டில் உட்கார வைக்கிறார்கள். தேநீர்க் குடுவையைத் தொட்டால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். இன்றைக்கு தாலாந்த் வீட்டில் மறுபடியும் இடுப்பெலும்பு.

"இது என் எலும்பு இல்ல," என்றாள் நூரிலா.

தாலாந்த் சிரித்தான். "பேசாம சாப்பிடு. தூரத்துலேர்ந்து வந்தவளுக்கு மரியாதை பண்ண வேணாமா?"

"போன மாசமும் இதைத்தான் சொன்னே. இன்னும் எத்தனை மாசம்டா நான் தூரத்துலேர்ந்து வந்துக்கிட்டே இருப்பேன்?"

கடைக்கோடியில் தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருந்த மிர்லான்தான் முதலில் வாயைத் திறந்தான். நவம்பரில் பிறந்த பாவத்துக்கு, நூரிலா போனதிலிருந்து கடைக்குட்டி அவன்தான்.

"அவ எலும்பை அவகிட்டயே குடுத்துடுங்கப்பா, புண்ணியமாப் போகும். பள்ளிக்கூடத்துல நான் ஹெட்மாஸ்டர். என்னைக் கண்டா பசங்க நடுங்கறாங்க. இங்க வந்தா டீ ஊத்துறேன். ஒன்பது வருஷமா இவ எலும்பை நான் கடிச்சிக்கிட்டிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நூரிலா சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் முறை என்னோடது. என் வீட்டுல."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஜீபெக் அவள் முட்டியைக் கிள்ளினாள். தாலாந்த் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டான். மனதில் கள்ளமில்லாதவன், ஆனால் யாருக்கு எது நல்லது என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பு அவனுக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

"நீ இருக்கறது ஒத்தை அறை. எதுக்கு சிரமம்? உன் பேர்ல எங்க வீட்டுலயே வெச்சிடலாம். இல்லேன்னா ஓட்டல்ல ஒரு ஹால் எடுத்துடலாம்."

"சொந்த வீட்டுல, சொந்த அடுப்புல, ஒரே விரிப்பைச் சுத்தி எல்லாரும் உக்காரணும்னு சட்டம் போட்டது யாரு, தலைவரே? நீதானே?"

"சரி, நேராவே சொல்லிடறேன். கோவிச்சுக்காதே." தாலாந்த் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "முறை எடுத்துக்கறவங்க ஊரோட இருக்கணும். நீ வசந்தம் வந்தா திரும்பப் போயிடுவே. உன்னைக் குத்தம் சொல்லலை, எல்லாரும்தான் போறாங்க. பக்கத்து செட்டுல ஒருத்தன் வீடு வீடாச் சாப்பிட்டுட்டு, தன் முறைக்கு முந்தின வாரம் பிளைட் ஏறிட்டான். அந்த செட்டே உடைஞ்சு போச்சு. நீ விருந்தாளியா இரு. எப்ப வந்தாலும் உனக்கு இடுப்பெலும்பு உண்டு."

அப்படியானால் விஷயம் இதுதான். பாசமாகத்தான் சொன்னான், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒன்பது வருஷம் இவர்களுடைய படங்களைப் பார்த்து ஏங்கியதெல்லாம், தலைமாட்டில் பொம்மை மாதிரி உட்கார்ந்து போகத்தானா? போக மாட்டேன் என்று சத்தியம் செய்யலாம். சத்தியத்தை யார் நம்புவார்கள்? மாஸ்கோ போன ஒவ்வொருவரும் இது கடைசி என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் மறுபடி போனார்கள்.

நூரிலா எழுந்தாள். நேராக மிர்லானிடம் போய், அவன் தட்டிலிருந்த முன்னங்கால் எலும்பைக் கையால் எடுத்துக்கொண்டு, தன் இடுப்பெலும்பை அங்கே வைத்தாள். பரிமாறிய எலும்பை இன்னொருவர் மாற்றி வைப்பது அந்தக் கூட்டத்தில் அதுவரை நடக்காத காரியம்.

"அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை," என்றாள் அவள். "வர்றவங்க வரலாம்." பிறகு தேநீர்க் குடுவையை எடுத்து ஊற்ற ஆரம்பித்தாள். யாரும் பிடுங்கவில்லை, பிடுங்கப் பயந்தார்கள்.

சொல்லிவிட்டாளே தவிர, தாலாந்த் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சகின் என்கிற முதியவரின் வீட்டு முற்றத்தில், பின்பக்கமாக ஒரு அறை, ஒரு சின்ன அடுப்பு. இவ்வளவுதான் நூரிலாவின் அரண்மனை. சனிக்கிழமை காலையில் வந்த ஜீபெக் வாசலிலேயே நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பன்னெண்டு பேரை எங்கடி உக்கார வெப்பே? அலமாரிக்குள்ளயா?"

"அலமாரி வெளிய போகுது. அந்தப் பக்கம் பிடி."

"வெளியன்னா? பனியிலயா?"

"பனியிலதான். கட்டிலும் போகுது. வாயை மூடிட்டுத் தூக்கு."

அலமாரியும் கட்டிலும் மேசையும் முற்றத்துப் பனியில் தார்ப்பாய்க்கு அடியில் போய் நின்றன. மூச்சு வாங்க அலமாரிமேல் சாய்ந்துகொண்ட ஜீபெக் சொன்னாள்: "தாலாந்த் உன்னை ஒதுக்கணும்னு சொல்லலைடி. பாவம், ஏற்கெனவே கஷ்டப்படறாளேன்னுதான்..."

"எங்கப்பா செத்தப்ப எனக்காக அழுதியே, நான் பாவம்னா அழுதே?"

"சீ, என்ன பேச்சு இது? அது என் வேலை, அழுதேன்."

"இது என் வேலை. செய்ய விடுங்க."

ஜீபெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவு பிசையப் போனாள்.

நூரிலாவின் அண்ணன் மந்தையிலிருந்து ஆடு வந்திருந்தது. அதை அறுத்துப் பிரித்துக் கொடுக்க விடியும்போதே மிர்லான் வந்து நின்றான். நட்புக்காக மட்டுமல்ல, இன்றைக்கு முன்னங்காலுக்கு மேலாக ஒரு கௌரவமான எலும்பு கிடைக்கப்போகிறது என்ற ஆசையும்தான். பெரிய அண்டா அடுப்பில் ஏறவில்லை. முற்றத்தில் பனியை வெட்டி ஒதுக்கி, மூன்று கல் வைத்து, அங்கேயே நெருப்பு மூட்டினாள் நூரிலா. எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறையும் குளிர். காற்று நெருப்பைப் பறித்துக்கொண்டே இருந்தது. கூரைத் தகரம் ஒன்றைப் பிடித்துக் காற்றை மறித்தபடி, கண் எரிய, ஆடு வேகும்வரை அசையாமல் நின்றாள்.

அப்போதுதான் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. மாஸ்கோ ஓட்டலில் அவளை வேலைக்கு வைத்திருந்த மேற்பார்வையாளர் அம்மாள். ஏப்ரலிலிருந்து இடம் காலியாம், சம்பளமும் கூடவாம், வருகிறாயா என்று கேட்டிருந்தாள். நூரிலாவின் மனம் ஒரு நிமிஷம் ஆடத்தான் செய்தது. ஆறாம் வகுப்புச் சம்பளத்தில் மாதக் கடைசி எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? தகரத்தை முட்டியால் அணைத்துக்கொண்டு, விறைத்த விரலால் 'வரமாட்டேன், வேறு ஆள் பாருங்கள்' என்று அடித்து அனுப்பினாள். பிறகு கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நுரையை அள்ளிக் கொட்டினாள்.

மத்தியானம் எல்லோரும் வந்துவிட்டார்கள். முற்றத்தில் நிற்கும் அலமாரியைப் பார்த்துவிட்டு தாலாந்த் காலணியைக் கழற்றினான். உள்ளே முட்டி முட்டியோடு இடித்தது, ஒருவர் கையை நீட்டினால் அடுத்தவர் சாய வேண்டியிருந்தது. பருத்த மனிதனான தாலாந்த் தலைமாட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான். நூரிலா வரிசைப்படி எல்லோருக்கும் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு கறியைக் கொண்டுவந்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், பிறந்த மாத வரிசை தப்பாமல் எலும்புகளை வைக்க ஆரம்பித்தாள். இடுப்பெலும்பு தாலாந்துக்குப் போகவிருந்த நேரத்தில் கதவு திறந்தது.

வீட்டுக்காரர் சகின். "என் முத்தத்துல அலமாரியை நிறுத்தினது யாரு? நான் ஆட்டுக்குப் புல்லு போடப் போக வேணாமா?" என்று ஆரம்பித்தவர், கறித்தட்டைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார். கறி பரிமாறும்போது வந்தவரை அனுப்ப நரீனில் யாருக்கும் தைரியம் கிடையாது. அவரோ எழுபதைத் தாண்டியவர். தாலாந்த் எழுந்து தலைமாட்டைக் கொடுத்தான்.

இப்போது என்ன செய்வது? இடுப்பெலும்பு சகினுக்குத்தான், வேறு வழியே இல்லை. அப்படியானால் தாலாந்துக்கு அடுத்த எலும்பு, அடுத்தவருக்கு அதற்கடுத்தது. ஒவ்வொருவரும் ஒரு படி இறங்கினார்கள். நூரிலாவின் கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. வரிசை மிர்லானிடம் வந்தபோது தட்டில் மிச்சம் இருந்தது முன்னங்கால் எலும்பு.

"அடக் கடவுளே!" என்று அலறினான் மிர்லான். "விடியக்காலைலேர்ந்து இந்த ஆட்டோட மல்லுக்கட்டினதுக்கு இதுவா?"

"சின்னவன்னா சின்னவன் மாதிரி இரு," என்றார் சகின், இடுப்பெலும்பைக் கடித்தபடி. யார் இவர், எப்படி இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையெல்லாம் மறந்து கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஒருவர் சாய, வரிசையாக எல்லோரும் சாய்ந்தார்கள்.

நூரிலா காலித் தட்டோடு வெளியே வந்தாள். அண்டாவில் சாறு மட்டும்தான் மிச்சம். அகப்பையில் மொண்டு, நெருப்போரம் நின்றுகொண்டே ஊதி ஊதிக் குடித்தாள். காலையிலிருந்து அவள் வாயில் வைத்த முதல் உணவு அதுதான். அவளுடைய பங்கு எங்கே என்று உள்ளே ஒருவரும் கேட்கவில்லை. தாலாந்த் கேட்கவில்லை, ஜீபெக்கும் கேட்கவில்லை. மூன்று மாதமாக அவள் ஒவ்வொரு கவளத்தையும் விழுங்குகிறாளா என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இன்றைக்கு அவளைச் சுத்தமாக மறந்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நூரிலா!" உள்ளேயிருந்து ஜீபெக்கின் குரல். "டீ எங்கடி? மாஸ்கோவுலேர்ந்தா கொண்டு வர்றே?"

"அப்படியே இதையும் காதுல போட்டுக்கோ," என்று தாலாந்த் கத்தினான். வாயில் கறி இருந்ததால் பாதி சொல் குழறியது. "மே மாசம் மிர்லான் அம்மாவுக்கு எழுபத்தஞ்சு. ஊரே வரும். போர்சோக் பணியாரம் சுடறது உன் பொறுப்பு, மூணு மூட்டை மாவு. கருக விட்டே, தொலைச்சுடுவேன்!"

மே மாதம். வசந்தம் வந்து, போகிறவர்களெல்லாம் போய் முடிந்திருக்கும் மாதம். அவள் இருப்பாளா என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

நூரிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புகைதான் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, முற்றத்தில் அலமாரியைத் தவிர யாருமில்லை. அகப்பையை அண்டாவில் போட்டுவிட்டு, கொதிக்கும் தேநீர்க் குடுவையை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"கத்தாதீங்க, வர்றேன்!" என்று அவளும் கத்தினாள். "மூணு மூட்டைக்கு நான் ஒருத்தி பத்தாது, ஜீபெக்கையும் சேர்த்துக்கோ!"