பெயர் போடாத பக்கம்

வெள்ளத்துரையை ஐந்து வருஷம் ‘சார், சார்’ என்று கூப்பிட்ட என் வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும்.

இராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், அவருடைய கயிற்றுக் கிடங்கின் மாடியில் இருந்தது எங்கள் விமானச் சொந்தக்காரர் சங்கம். விமானங்கள் நிற்பதென்னவோ மீனம்பாக்கத்தில். காரியதரிசி அவர், இடமும் அவருடையது, அதனால் சங்கம் இங்கே. யுத்தம் முடிந்து ஏலம் விட்ட சின்ன விமானங்களை வாங்கியவர்கள் இருபத்திரண்டு பேர் உறுப்பினர்கள். ரோஸ்மேரியாகிய நான் ஒரே குமாஸ்தா. மாதம் ஒரு முறை சங்கப் பத்திரிகையை மெழுகுத்தாளில் எழுதி, சைக்ளோஸ்டைல் ஓட்டித் தபாலில் சேர்ப்பது என் வேலை.

1951 கோடையில் ஒரு நாள் யானைக்கவுனியில் ஓர் உறுப்பினர் வீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். மூன்று மாதப் பத்திரிகையும் பிரிக்காமல் ஜன்னலில் கிடந்தது. நாலாவதைப் பிரித்து, அதன்மேல் அவர் மனைவி மிளகாய் காயப் போட்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்! டிராமில் உட்கார்ந்து அவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே என் பத்திரிகையை நானே ஒரு தடவை படித்தேன். யார் வீட்டில் கல்யாணம், யார் வைத்த தேநீர் விருந்து, தலைவர் பேசிய பேச்சு. மிளகாய்க்காவது உதவியதே என்று தோன்றிவிட்டது.

எத்திராஜ் அண்ணாத்தேயிடம் புலம்பினேன். அவர் காலடிப்பேட்டைக்காரர், மீன்பிடிக் குடும்பம். அவரும் மச்சான் திருமலையும் இருந்த ஒரே மோட்டார் படகை, லாஞ்சை, விற்றுவிட்டு ஏலத்தில் விமானம் வாங்கியவர்கள். சினிமா நோட்டீஸை வானத்திலிருந்து வீசுவதுதான் அவர் பிழைப்பு.

“கல்யாண சேதி எவனுக்கு வோணும், ரோசு? மேல போனவன் எங்க தப்பு பண்ணான், எப்டி பொயச்சான், அத்த எய்து. மொத ஆளா நான் படிக்கிறேன்.”

“தப்பு பண்ணதை எவன் பேரோட சொல்லுவான், அண்ணாத்தே?”

“பேரு போடாத. உனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.”

‘நான் செய்த தப்பு’ என்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். கடிதம் என் பெயருக்கு வரும். படித்து, என் நடையில் மாற்றி எழுதி, கடிதத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிடுவேன். முதல் மாதம் ஒரே கடிதம். நாலாவது மாதம் ஒன்பது. ஒருவர் உப்பளத்தை ஓடுபாதை என்று நினைத்து இறங்கப் பார்த்திருக்கிறார். இன்னொருவர் வாலில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே கிளம்பியிருக்கிறார். “இந்த மாசப் பத்திரிகை இன்னும் வரலையே?” என்று டெலிபோனில் விரட்டினார்கள். மிளகாய் வீட்டுக்காரர் நேரிலேயே வந்து வாங்கிப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழைக்காலத்தில் எத்திராஜ் அண்ணாத்தேயே வந்து எதிரே உட்கார்ந்தார். அவருக்கு எழுத வராது, வாயால் சொன்னார். பீப்பாய் பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டித்தான் விமானத்தில் ஊற்ற வேண்டும், அப்போதுதான் கலந்திருக்கும் தண்ணீர் தோலுக்கு மேலேயே தங்கும். தோல் கிழிந்திருந்தது. லாஞ்சில் செய்கிற பழக்கத்தில், பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டிவிட்டார். துணியில் தண்ணீரும் சேர்ந்து இறங்கியது. எண்ணூருக்கு மேலே எஞ்சின் நின்றுபோய், காத்திவாக்கம் மணலில் விழாத குறையாக இறக்கினார். கூட இருந்தவர் திருமலை மட்டும். யாருக்கும் அடியில்லை. அதிகாரிகளுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை.

“பேரு வராதுல்ல?”

“எங்கம்மா மேல ஆணை, அண்ணாத்தே.”

பத்திரிகை போனதும் மூன்று பேர் தங்கள் பீப்பாய்களைத் திறந்து பார்த்தார்கள். இரண்டில் தண்ணீர். அதில் ஒருவர் மறுநாள் குழந்தையோடு பறப்பதாக இருந்தவர். டெலிபோனில் அவரே சொன்னார்.

அந்த வாரம் வெள்ளத்துரை என் மேஜைக்கு வந்தார். கையில் பெட்ரோல் வடிகட்டும் புத்தம்புதுத் தோல். “ரோஸ்மேரி, இந்த வேட்டிக்காரர் எத்தன உசுரக் காப்பாத்தியிருக்காரு பாத்தியா? அவருக்குச் சங்கம் ஒண்ணும் செய்யாண்டாமா? பேரச் சொல்லு, யாருக்கும் தெரியாம நானே அனுப்பிருதேன்.”

சொன்னேன். மடச்சி! சிரித்துக்கொண்டே சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் எத்திராஜ் அண்ணாத்தேயின் உரிமத்தை நிறுத்தி உத்தரவு வந்தது. யாரோ கையெழுத்தில்லாத புகார் போட்டு, அதோடு என் பக்கத்தையும் குத்தி அனுப்பியிருக்கிறார்களாம். நோட்டீஸ் வீசும் வேலை மறு வாரமே வெள்ளத்துரையின் மருமகனுக்குப் போனது. நான் கிடங்குக்குள் புகுந்து, கூலியாட்கள் பார்க்க, “நீங்க மனுஷனா சார்?” என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. “சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா? அவரு நாளைக்கு யாரு தலையிலயாவது விழுந்தா? அதவிடு. நீ சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்? அத யோசி.”

யோசித்தேன். வேறு என்ன வேலை எனக்கு? பத்திரிகைக்கு அந்த மாதம் ஒரு கடிதம்கூட வரவில்லை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து பழைய கடிதத்தைத் திருப்பிக் கேட்டார்கள். எரித்துவிட்டேன் என்றால் ஒருவரும் நம்பவில்லை. எத்திராஜ் அண்ணாத்தே மட்டும் வரவே இல்லை. அவர் வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலிலிருந்து நேரே காலடிப்பேட்டைக்குப் போனேன். அவர் மனைவி செல்லம்மா காப்பி கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறே? சங்கத்துல அல்லாரும் ரோசுதான் சொல்லிருப்பான்னானுங்க. செருப்பு பிஞ்சிடும்னேன். உன்னிய நான் சந்தேகப்படுவனா?”

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“திருமலைதான். அன்னிக்கு எங்கூட வந்தவன் அவன் ஒர்த்தன்தான். உரிமம் போச்சுன்னா விமானத்த வித்துட்டு மறுபடி லாஞ்சு வாங்கலாம்னு கணக்கு போட்டுட்டான், பேமானி. எம்மேல ஆணையா நான் சொல்லல மாமான்னு காலுல வியுந்தான். வூட்டு வாசப்படி ஏறாதேன்னு அனுப்ச்சிட்டேன். இவளையும், தம்பின்னு அவன்கூடப் பேசக் கூடாதுன்னுட்டேன்.”

செல்லம்மா சட்டென்று எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அப்படியே காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அந்த வீட்டில் என் பெயர் சுத்தமாகவே இருந்திருக்கும். வெள்ளத்துரையை நான் எத்தனை திட்டினேனோ, அத்தனையும் என்னைப் பார்த்துத் திரும்பின.

“திருமலை அண்ணன் இல்ல, அண்ணாத்தே. நான்தான் சொன்னேன்.”

தோல், பரிசு, வெள்ளத்துரை, என் சிரிப்பு, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. செல்லம்மா கரண்டியோடு அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று, புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்த எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே?” என்றார் கடைசியில். “திருமலை காத்திவாக்கத்துல கீறான். அவங்கிட்ட போய் சொல்லு.”

“நீங்களும் வாங்க, அண்ணாத்தே.”

“நானா?” என்றார். “நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு வர்றது?”