டைல்ஸுக்கு அடியில் போன இரண்டு சென்டிமீட்டர்

இப்போதெல்லாம் யாரும் தன் உடம்பைத் தானே கேட்பதில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டால், கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார்கள். பசிக்கிறதா என்றாலும் சீக்கிரமே அதைத்தான் பார்ப்பார்கள். என் தம்பியும் அந்த ரகம்.

அவன் பஸ் டிரைவர். ஐம்பத்துநாலு வயது. நான் அவனுக்குப் பதினைந்து வயது மூத்தவன். தரைக்கு டைல்ஸ் பதிக்கிற கொத்தனாராக இருந்து ஓய்ந்தவன். ஆறு மாதமாக அவன் தண்ணீர் குடிக்கிற குடியைப் பார்த்து வருகிறேன். ஒரு பாட்டில் தீருவதற்குள் அடுத்ததைத் திறக்கிறான், குடித்த கையோடு கழிப்பறைக்கு ஓடுகிறான். எங்கள் அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சர்க்கரை என்று தெரிந்தபோது இடது கால் விரல்கள் போய்விட்டிருந்தன. ரத்தம் கொடுத்துப் பாரடா என்றால், "பணிமனையில வருஷா வருஷம் பாக்குறாங்கண்ணே. நான் பச்சை" என்பான்.

பணிமனையில் ஒரு மருத்துவ அறை உண்டு. எடை பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், இரண்டையும் வைத்து பிஎம்ஐ என்று ஓர் எண் போடுவார்கள். இருபத்தைந்துக்குக் கீழே என்றால் பச்சை மையால் ஒரு டிக், வீட்டுக்குப் போகலாம். இருபத்தைந்தைத் தொட்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. தம்பிக்கு அதில்தான் குலை நடுக்கம். சர்க்கரை என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டார்களாம்.

இந்த வருஷம் நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அந்த அறைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் டைல்ஸ் போட்டவன் நான்தான், தரை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். அவன் நம்பவில்லை.

எடை அறுபத்தெட்டு கிலோ. சுவரில் ஒட்டியிருந்த அளவுப்பட்டையில் உயரம் நூற்று அறுபத்தாறு. நர்ஸம்மா கால்குலேட்டரைத் தட்டினார்.

"இருபத்து நாலு புள்ளி ஏழு. பச்சை."

தம்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"அது என்னம்மா கணக்கு?" என்று கேட்டேன்.

"உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதை அதாலயே பெருக்கி, வந்ததை வச்சு எடையை வகுக்கணும் ஐயா."

"நீளத்தை நீளத்தால பெருக்குறது தரைக்கு. இவன் என்ன ஹாலா? ஆளுக்குத் தடிப்புன்னு ஒண்ணு கிடையாதா?"

நர்ஸம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "இது நோயைச் சொல்ற கணக்கு இல்லைங்க. நீங்க மணல் சலிப்பீங்கல்ல, அந்த மாதிரி. யாரை மேற்கொண்டு பாக்கணும்னு பிரிக்க மட்டும்தான். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவுன்னு இதுக்குத் தெரியாது."

"தெரியாததை வச்சுத்தான் இவனை வீட்டுக்கு அனுப்புறீங்களா?"

"கொஞ்சம் சும்மா இருண்ணே," என்றான் தம்பி.

சும்மா இருந்தேன். பழக்கதோஷத்தில் கண் தரைக்குப் போனது. இணைப்புகள் நூல் பிடித்த மாதிரி இருந்தன. சுவரோரம் வந்தபோதுதான் அளவுப்பட்டையின் அடியைப் பார்த்தேன். தரையிலிருந்து அது இரண்டில் ஆரம்பித்தது. சைபரும் ஒன்றும் டைல்ஸுக்கு அடியில் போயிருந்தன.

பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே கலவை போட்டுப் பதித்திருந்தேன். சீக்கிரம் முடியும் என்று நானே சொன்ன யோசனை. தரைக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்த எனக்கு, பட்டையை ஏற்றி ஒட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. தப்பு என்னுடையது. இரண்டு வருஷமாக அந்தப் பணிமனையில் எல்லோரும் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறார்கள்.

தம்பியும் அதைக் கவனித்துவிட்டான். என் முழங்கையைப் பிடித்தான்.

"அண்ணே, வேணாம்."

நான் சொல்லிவிட்டேன்.

நர்ஸம்மா குனிந்து பார்த்தார். பிறகு நூற்று அறுபத்து நாலு என்று போட்டு மறுபடி தட்டினார். "இருபத்தஞ்சு புள்ளி மூணு."

"ரெண்டு சென்டிமீட்டருக்கு இவ்வளவா?" என்றான் தம்பி.

"அதையும் சேத்துத்தானே ரெண்டு தடவை பெருக்குறோம்," என்று அவன் விரலைப் பிடித்துக் குத்தினார்.

சர்க்கரை இருநூற்று எண்பது. டாக்டர் பார்க்கிற வரை வண்டி எடுக்க வேண்டாம், மாத்திரையில் கட்டுக்குள் வந்தால் மறுபடி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். தம்பி தாளை நாலாக மடித்தான்.

"முப்பது வருஷமா ஓட்டுறேன், ஒரு ஆளைத் தொட்டதில்ல. நீ போட்ட டைல்ஸ் என்னை இறக்கி விட்டுருச்சு."

"இறக்கலடா. இவ்வளவு நாள் ஏத்தி வச்சிருந்துச்சு."

அவன் என்னைத் தாண்டி வெளியே போனான்.

"நீங்க திட்டின கணக்குதான் ஐயா பிடிச்சுக் குடுத்திருக்கு," என்றார் நர்ஸம்மா.

"கணக்கு எங்கம்மா பிடிச்சது? போன வருஷம் இவனை யாராவது தாகம் எடுக்குதான்னு கேட்டீங்களா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரு கண்டக்டர். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் டிக்கெட் பையைத் தாங்குகிற அளவுக்கு முன்னால் வந்திருந்தது. இரண்டு சென்டிமீட்டரைக் கழித்தே கணக்குப் போட்டார். இருபத்து மூன்று, பச்சை.

"அந்த வயித்தைச் சுத்தி ஒரு டேப் போட்டுப் பாருங்கம்மா," என்றேன்.

"பாக்கணும்தான் ஐயா. இந்தத் தாள்ல அதுக்குக் கட்டம் இல்லையே."

கண்டக்டர் என்னைப் பார்த்து, "பெரியவருக்கு என் வயித்து மேல என்ன பொறாமையோ," என்று சிரித்தார். நான் வெளியே வந்தேன். கேட் பக்கம் தம்பி வேகமாகப் போய்க்கொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பின்னாலேயே நடந்தேன். அந்த பிஎம்ஐ எண்ணை இப்போதும் நான் நம்பவில்லை.