ஐந்தாவது டயர்

விஜய்பாண்டி ஊருக்கு வந்து மூன்று நாளாகியும் அவன் மகள் அவனை அப்பா என்று ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆன ஈசுவுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள். தினமும் காலை ஏழு மணிக்கு வருவார், சாப்பிட்டாயா என்று கேட்பார், முத்தத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கைலியைக் கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிற இந்த மீசைக்காரர் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. அவன் கையை நீட்டினால் போதும், அனுமந்தன்பட்டியில் பாதித் தெருவுக்குக் கேட்கும்படி அழுவாள். குலசாமியை நினைத்து அவளுக்கு முனீஸ்வரி என்று பெயர் வைத்தது அவன்தான். சாமியின் பிடிவாதமும் சேர்ந்தே வந்துவிட்டது.

அவன் மனைவி யுவராணிக்குக் கோபமெல்லாம் லாரிமேல்தான். பதினாலு சக்கரத்தை உருட்டிக்கொண்டு குஜராத் வரைக்கும் போகிறவன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் இருப்பான். அந்த இரண்டு நாளில் ஒன்றைத் தூங்கியே தீர்ப்பான். இந்தத் தடவை லாரி பட்டறையில் நின்றதால் ஒரு வாரம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலை தேனியில் லோடு. அதற்குள் பிள்ளை பழகாவிட்டால், அடுத்த முறை வரும்போது இன்னும் விவரம் தெரிந்து இன்னும் தள்ளிப்போய்விடுவாளே என்று அவளுக்குப் பயம். அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்கும் அதே பயம் இருந்தது.

வழி சொன்னது கம்பத்தில் பேக்கரி வைத்திருக்கிற கலீல் ரஹ்மான், விஜய்பாண்டியோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"டேய் விஜி, பழைய டெலிவரி வேன் சும்மாதான நிக்கிது? அதுல பாயப் போட்டுக் குடும்பத்தோட கெளம்பு. கேம்பர் வேன்னு யூடியூப்ல காட்டுறாகல்ல, அதே மாதிரிதான். நாலு நாள் ஒரே பொட்டிக்குள்ள கெடந்தா உன் மக எங்க ஓடுவா?"

வேன் வீட்டு வாசலுக்கு வந்த அன்றே விஜய்பாண்டி வேலையை ஆரம்பித்தான். பன் தட்டு அடுக்குகிற இரும்புச் சட்டங்களில் கீழ்வரிசையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றினான். கழற்றியதைக் கொண்டே கட்டில் கட்டினான். அடுப்புக்கு ஒரு மூலை, சிலிண்டர் ஆடாமலிருக்க ஒரு வளையம், ஜன்னலுக்கு அவளுடைய பழைய சேலையில் திரை. கூரைக் கம்பியில் தொட்டில் கட்ட ஒரு கொக்கி போட்டு, அதில் தானே தொங்கிப் பார்த்தான். லாரி ஓட்டுகிற கைக்குள் இத்தனை வேலை இருக்குமென்று கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் யுவராணி பார்த்ததே இல்லை. பார்க்க அவன் இருந்தால்தானே! வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் ஏறினால் டூட்டி ஃப்ரூட்டி வாசம் மட்டும் போகவில்லை.

கிளம்பும்போது அவள் ஒரு கண்டிஷன் போட்டாள்.

"இந்த நாலு நாளும் நீங்க டிரைவர் இல்ல. அப்பா மட்டுந்தான். லாரிப் பேச்சு, லோடு பேச்சு, ஆபீஸ் போன் எதுவும் கூடாது. இதுவுங் கூடாது."

'இது' என்று அவள் பிடுங்கியது ஒரு முழ நீள இரும்புக் கம்பி. தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் அந்தக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டுவான். சத்தத்தை வைத்தே காற்று எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடுவான். லாரியில் உள்பக்கம் இருக்கிற டயர் கண்ணுக்குத் தெரியாது, காதால்தான் பார்க்க வேண்டும் என்பான். அது சரி, லாரிக்குத் தேவை. இந்த மனுஷன் அவளுடைய ஸ்கூட்டியைக்கூடத் தட்டாமல் எடுக்க மாட்டான். லாரியில் கட்டியிருக்கிற ஸ்டெப்னியையும் விட மாட்டான்.

"பங்குல காத்துப் பிடிச்சாச்சுல்ல? அது போதும். தட்டக் கூடாது" என்றாள்.

"சரித்தா" என்றான். கம்பி அரிசி டப்பாவுக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை சுருளிக்குப் போனார்கள். வண்டியின் பக்கவாட்டில் 'மெஹராஜ் பேக்கரி, கம்பம்' என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. வழியெல்லாம் ஜனங்கள் கைகாட்டி நிறுத்தி பன் கேட்டார்கள். கலீல் ரஹ்மான் யோசித்திருந்தான் போல. கட்டிலுக்கடியில் ஒரு டின் நிறைய வர்க்கி இருந்தது, 'கேட்டா குடுத்திரு' என்று அதன்மேல் ஒரு துண்டுச்சீட்டு. விஜய்பாண்டி கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான். யாரிடமும் முகம் சுளிக்கவில்லை.

அருவியில் குளித்துவிட்டு வந்ததும் ஈசு போனைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். "அப்பா, அப்பா" என்றாள். அப்பா அங்கேதான், அவளுக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து வண்டிக்கு மறுபக்கம் போனான். ஒரு நிமிஷத்தில் யுவராணியின் போன் அடித்தது. திரையில் அவன் முகம் வந்ததும் ஈசுவுக்கு வந்ததே சந்தோஷம்! குளித்த கதை, குரங்கு பார்த்த கதை எல்லாவற்றையும் அவளுடைய பாஷையில் கொட்டினாள். பேசிக்கொண்டே அவன் மெதுவாக வண்டியைச் சுற்றி நடந்து அவள் முன்னால் வந்து குந்தினான். பிள்ளை திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டாள்.

யுவராணிக்கு அழுகை முட்டியது. அவனோ சிரித்தான்.

"என் பிள்ள வெவரமானவ. கண்ட ஆளு கூப்பிட்டாப் போகமாட்டா. நல்லதுதான?"

அவன் சிரித்ததில் எத்தனை பங்கு நிஜம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பை வரவழைக்க ஒரு தெம்பு வேண்டும். தனக்கு அது வராது என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை ஓடைப்பட்டியில் தெரிந்தவர் ஒருவரின் திராட்சைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினார்கள். தலைக்கு மேலே பந்தல் முழுக்கக் கறுப்பாய்க் குலை. இலைக்குள் புகுந்து வருகிற வெயிலே பச்சையாக இருந்தது. விஜய்பாண்டி ஒரு குலையை அறுத்து ஒவ்வொரு பழமாக நீட்டினான். ஈசு எட்ட நின்று கையை மட்டும் நீட்டி வாங்கினாள். கொடுத்ததை வாங்கிக்கொள்வாள், கொடுத்தவரை ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். அவன் சலிக்கவில்லை, ஒரு குலை முடிகிற வரைக்கும் அப்படியே குந்தியிருந்தான்.

அவன் தோட்டக்காரரோடு பேசப் போன பிறகு ஈசு வண்டியிலிருந்து குழிக்கரண்டியை எடுத்து வந்தாள். பந்தலைத் தாங்குகிற கல்தூண் ஒன்றைத் தட்டினாள். காதை வைத்தாள். தலையாட்டிக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனாள். கரண்டி நசுங்கிக்கொண்டிருந்தது.

"ஏய், குடு இங்கன! எங்க இருந்துதான் இந்தச் சேட்டையப் படிச்சுதோ, வீட்டுலயும் இதே வேலைதான்" என்று யுவராணி பிடுங்கி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறினார்கள். அவள் கணவன் வண்டி ஓட்டி அவள் மலை ஏறுவது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரனை ஒரு தடவை மட்டும் மெல்லத் தொட்டான். இறங்கி வருகிற பஸ்ஸுக்கு முன்கூட்டியே ஒதுங்கி நின்றான். தொட்டிலில் தூங்கிய பிள்ளை ஒரு வளைவில்கூட விழிக்கவில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வயலும் தென்னையுமாய்ப் பளபளத்தது. அதைப் பார்க்காமல் அவள் ஸ்டியரிங்கில் இருந்த அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தக் கை இத்தனை சுத்தமாக ஓட்டுவதால்தான் ஒவ்வொரு தடவையும் இவர் வீடு வந்து சேருகிறார் என்று தோன்றியது. அவள் திட்டித் தீர்த்த அதே வேலை.

மேலே அவளுடைய பெரியப்பா மகன் ராக்கையா எஸ்டேட்டில் வேலை. எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக்கொள்ள ராக்கையா மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தார். ராத்திரி வண்டிக்குள்ளேயே தூங்கினார்கள். அங்கே போனில் சிக்னல் இல்லை. ஈசு கறுத்த திரையைப் பார்த்து இரண்டு தடவை "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே தூங்கிப்போனாள்.

புதன்கிழமை காலை. மலை இறங்கினால் பயணம் முடிந்தது, மறுநாள் லோடு. யுவராணி லயத்து வாசலில் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். தேயிலை எடுக்கக் கூடையோடு கிளம்பிய ராக்கையாவின் மனைவி சந்தனம்மாள் நின்று வண்டிப்பக்கம் பார்த்தாள்.

"என்னடி, தம்பி ரொம்ப நேரமா டயரையே பாத்துக்கிட்டு நிக்கிறாக? பஞ்சரா?"

யுவராணி திரும்பிப் பார்த்தாள். விஜய்பாண்டி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு கை இன்னொரு கையைப் பிடித்து வைத்திருந்தது. அடுத்த சக்கரத்துக்குப் போனான், நின்றான், பார்த்தான். காலால்கூடத் தொடவில்லை. கீழே கிடந்த விறகுக்கட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொடுத்த வாக்கை இந்த மனுஷன் நான்கு நாளாக இப்படித்தான் காப்பாற்றியிருக்கிறார், யாரும் பார்க்காத நேரத்திலும். அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தன்மேல் வெட்கமாகவும் இருந்தது.

வண்டிக்குள் ஏறி அரிசி டப்பாவில் கையை விட்டாள். கம்பியை அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. மல எறங்கணும். தட்டிட்டே எடுங்க."

"வேணாம் யுவா. சொன்னா சொன்னதுதான்."

"நாந்தான சொன்னேன்? நாந்தான் இப்பவும் சொல்றேன். தட்டுங்க."

அவன் கம்பியை வாங்கிக் கைலியில் துடைத்தான். முன்சக்கரத்தில் ஓங்காமல் ஒரு தட்டு. டங்.

வண்டிக்குள் தொட்டில் அசைந்தது.

அடுத்த சக்கரம். டங். பின்கதவில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. மூன்றாவதைத் தட்டும்போது ஈசு படியில் குப்புறப் படுத்து, காலால் துழாவி இறங்கி, தூக்கம் கலையாத முகத்தோடு தரையில் நின்றாள். குனிந்து தட்டுகிற மனிதரின் கையைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

"அப்பா" என்றாள்.

கேட்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. தெரிந்த ஆளைப் பார்த்ததும் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

விஜய்பாண்டி குனிந்தபடியே நின்றுவிட்டான். அசைந்தால் கலைந்துவிடுமோ என்று பயந்தவனைப் போல மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தான்.

"ஏழு மணிக்கு டயர் தட்டிக்கிட்டேதான் போன் போடுவேன்" என்றான். "பதினாலையும் ஸ்டெப்னியையும் தட்டி முடிக்கிற வரைக்கும் வைக்க விடமாட்டா."

யுவராணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்துப் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். டிரைவர் வேண்டாம், அப்பா மட்டும் போதும் என்று அவள் கம்பியைப் பிடுங்கி ஒளித்து வைத்தாளே, பிள்ளைக்குத் தெரிந்த அப்பாவே அந்த டிரைவர்தான்! தூணைத் தட்டிக் காதை வைத்த பிள்ளையிடம் கரண்டியையும் பிடுங்கினாளே! "நான் ஒரு மடச்சி" என்று வாய்விட்டே சொன்னாள். ஓடிப்போய் அந்த நசுங்கின குழிக்கரண்டியை எடுத்துவந்து மகள் கையில் கொடுத்தாள்.

ஈசு நேரத்தை வீணாக்கவில்லை. நான்காவது சக்கரத்துக்குப் போனாள். அப்பா ஒரு தட்டு, அவள் ஒரு தட்டு. காதை வைத்தாள். தலையாட்டினாள். திரும்ப முன்னால் ஓடி, தான் தூங்கும்போது தட்டிய இரண்டையும் மறுபடி தட்டச் சொல்லி நின்றாள். கூடையோடு நின்ற சந்தனம்மாள் வேலைக்கு நேரமாவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விஜய்பாண்டி இன்னும் பிள்ளையைத் தொடவில்லை. இத்தனை நாளாகத் தொட்டால் அழுகிறவளை இப்போது தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்டெப்னி கூரைமேல், பின்கதவுக்கு நேர் மேலே கட்டியிருந்தது. நான்கையும் முடித்த ஈசு அண்ணாந்து அதைப் பார்த்தாள். எக்கினாள். கரண்டியை நீட்டினாள். பாதிக் கதவுக்குக்கூட எட்டவில்லை. அம்மா பக்கத்தில்தான் நின்றாள். யுவராணி வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டாள்.

பிள்ளை அம்மாவைப் பார்க்கவே இல்லை. நேராக அவனிடம் திரும்பி, கரண்டியோடு இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"அப்பா, தூக்கு."

அவன் தூக்கினான். தோளில் உட்காரவைத்துக்கொண்டு டயருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றான். ஈசு அவன் தலைமயிரை ஒரு கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள், காற்று எப்படி என்று கேட்கிற மாதிரி.

பதினாலு டயரில் எது கால் அளவு இறங்கியிருந்தாலும் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவன், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணுமே கேக்கல ஆத்தா" என்றான். "இன்னொருக்காத் தட்டு."